வில்லன் இல்லாமலும் திகில் உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில், அமெரிக்க மலைப்பாதையில் தனியாக நடந்த ஒரு பெண் காணாமல் போவதையும் அவரைத் தேடுவதையும் சொல்லும் ஆங்கில நாவலுக்கு வந்த மதிப்புரையைப் படித்தேன். கடைசி வரை வில்லனே வரவில்லை, இதில் எங்கே சஸ்பென்ஸ் என்று முடித்துவிட்டார்கள். இதை ஏற்க முடியவில்லை.

நிஜத்திலேயே நடந்திருக்கிறது. 2013 ஜூலையில் மெய்ன் மாநிலத்தில், சுமார் 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் பாதையில் நடந்துகொண்டிருந்த 66 வயதுப் பெண் இயற்கை உபாதைக்காகப் பாதையை விட்டு விலகினார், அப்புறம் வழி தெரியவில்லை. கணவருக்கு அனுப்பிய செய்திகள் போகவில்லை. சிக்னல் தேடி மேடேறினார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மூன்று வாரங்களுக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறார். உடல் கிடைத்தது 2015 அக்டோபரில். இதில் யார் வில்லன்?

எங்கள் தேனி மாவட்டப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். போடி 400 மீட்டர் உயரம்கூட இல்லை, அடிவாரக் கிராமமான குரங்கணிக்கு மேலே கொழுக்குமலை 2,000 மீட்டரைத் தாண்டும், நடுவில் பூராவும் செங்குத்துச் சரிவு. வழி தப்பினால் ஓடையைப் பிடித்து இறங்கு, ஊர் வரும் என்பார்கள். இங்கே அப்படி இறங்கினால் பாறை விளிம்பில் போய் நிற்க வேண்டியதுதான், தண்ணீர் மட்டும் கீழே போகும். திரும்ப ஏறி மேற்கே கேரளப் பக்கம் போனால் ஏலத்தோட்டமோ தேயிலைத் தோட்டமோ வரும். ஆனால் தாகத்தோடு, இருட்டுகிற நேரத்தில், கீழே போடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியும்போது யாருக்கு ஏறத் தோன்றும்? இந்த ஒரு முடிவே ஓர் அத்தியாயத்துக்குப் போதும்.

தேடுவதும் அப்படித்தான். ஆள் தொலைந்தது தமிழ்நாட்டுக் காட்டிலா கேரளக் காட்டிலா, எந்த ஸ்டேஷனில் புகார் என்று பேசி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தடம் தெரிந்தவர்கள் இந்த மலைப் பழங்குடிகளான முதுவர்களும், தோட்ட வேலைக்கு ஒற்றையடிப் பாதையில் போய்வருகிறவர்களும்தான். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தபோது விமானப்படை ஹெலிகாப்டரும் வந்தது, சரி, ஆனால் முதலில் மேலே ஓடியவர்கள் ஊர்க்காரர்கள். அந்தக் குடும்பங்களின் துயரத்தை யாரும் கதையாக்க வேண்டாம். தேடிப் போகிற மனிதர்களை, அவர்கள் காலால் அறிந்த காட்டை எழுதலாமே.

உங்கள் இதழில் இப்படி ஒரு தொடர்கதை வந்தால் முதல் ஆளாகப் படிப்பேன். ஒரே ஒரு வேண்டுகோள்: எழுதுகிறவர் மார்ச்சில் ஒரு தடவை, ஜூலையில் ஒரு தடவை குரங்கணியில் வந்து தங்கட்டும். மார்ச்சில் காய்ந்த புல்லுக்குப் பயப்பட வேண்டும், ஜூலையில் பத்தடிக்கு அப்பால் மறைத்துவிடுகிற மூடுபனிக்கு. மேப்பைப் பார்த்து எழுதினால் இந்த வித்தியாசம் வராது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
போடிநாயக்கனூர்