லேப் தங்கச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். நேற்று ராத்திரி காய்ச்சல் இல்லை, இன்று காலையிலும் இல்லை. நடந்ததை எல்லாம் திரும்பச் சொல்லத் தேவையில்லை. எங்களோடு சேர்ந்து பதறியவர்கள்தானே நீங்கள்.

முதல் நன்றி, ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் அந்தத் தங்கச்சிக்கு. வார்டில் சேர்த்த அன்று ஆன்டிபயாடிக் ஏற்ற எல்லாம் தயாராக இருந்தது. அதற்கு முன் கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் எடுக்க வேண்டும். பாப்பாவுக்கோ நரம்பே கிடைக்கவில்லை. குத்திக் குத்திக் கை வீங்கியதுதான் மிச்சம். "டைபாய்டுக்குன்னு வைடால் டெஸ்ட் எடுத்தாச்சே, அது போதாதா?" என்று வீட்டில் ஒருவர் கேட்டேவிட்டார். அந்தத் தங்கச்சி ஷிஃப்ட் முடிந்து, தோளில் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தவள். எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"அக்கா, மருந்து ஏறுறதுக்கு முன்னாடி எடுத்தாத்தான் நல்லது. ஏறிட்டா பாட்டில்ல கிருமி வளராமலே போயிடலாம்" என்றாள். வைடால் காட்டுவது கிருமியை அல்ல, உடம்பு அதற்கு எதிராக உண்டாக்கிய எதிர்ப்பொருளை. அது எப்போதோ வந்துபோன காய்ச்சலின் மிச்சமாகக்கூட இருக்கலாம் என்று பொறுமையாகச் சொன்னாள். பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலருகே மண்டியிட்டாள். உடம்பு கொதித்தாலும் குளிர் நடுக்கத்தில் பாப்பாவின் விரல்கள் சில்லிட்டிருந்தன. அந்தக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு, ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னாள். பாப்பா முனகிக்கொண்டே சொல்லி முடிப்பதற்குள் குப்பியில் ரத்தம் இறங்கிவிட்டது. அழக்கூட இல்லை.

அதன் அருமை பிறகுதான் புரிந்தது. கிருமி வளர்ந்தது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற மருந்துக்கு அது கேட்காது, செஃப்ட்ரியாக்சோன் என்ற மருந்துக்குக் கேட்கும் என்று ரிப்போர்ட் வந்தது. சரியான மருந்து ஏறினாலும் டைபாய்டு காய்ச்சல் இறங்க நாலைந்து நாள் ஆகலாமாம். அந்த நாட்களில் "மருந்தை மாத்துங்க டாக்டர்" என்று நாங்கள் கெஞ்சியபோதெல்லாம், அவர் அந்தத் தாளைக் காட்டித்தான் எங்களை உட்கார வைத்தார். குடலில் புண்ணாகி, கவனிக்காமல் விட்டால் மூன்றாவது வாரம் வாக்கில் ஓட்டையே விழக்கூடிய நோய் இது. அந்தப் பெண் பஸ்ஸைப் பிடிக்கப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. தங்கச்சி, நீ நல்லா இருக்கணும்.

டாக்டர்கள், ராத்திரி முழுக்க ட்ரிப்ஸை மாற்றிய நர்ஸம்மாக்கள், வார்டைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த அக்காக்கள், கஞ்சி காய்ச்சி அனுப்பிய கீழ்வீட்டுப் பெரியம்மா, நேரங்காலம் பார்க்காமல் வந்த ஆட்டோ அண்ணன், பாடமெல்லாம் எழுதி அனுப்பிய வகுப்புத் தோழிகளின் அம்மாக்கள், எல்லோருக்கும் எங்கள் நன்றி.

இன்னொன்றும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. டைபாய்டுக்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆறு மாதக் குழந்தைக்கே போடலாம். ஹைதராபாத்தில் தயாராகும் ஊசிக்கு உலக சுகாதார நிறுவனம் 2017 கடைசியிலேயே அங்கீகாரம் தந்திருக்கிறது. பாகிஸ்தான் 2019இலேயே குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்துவிட்டது. நம் ஊரில் பெரும்பாலும் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. இனி பாப்பாவின் பிறந்தநாளுக்குக் கேக், பலூன் என்று செலவழிக்கும் பணத்தில், வசதி இல்லாத ஒரு குழந்தைக்கு இந்த ஊசியைப் போடுவதென்று நானும் அவள் அப்பாவும் முடிவு செய்திருக்கிறோம். தெருவில் அப்படி யாராவது இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

தண்ணீர் வழியாகவும் பரவுகிற நோய் என்பதால், தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் சொல்லியாயிற்று. குழாயில் வரும் தண்ணீர் எப்படி இருந்தாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

பாப்பாவைப் பார்க்க வருபவர்கள் தாராளமாக வாருங்கள், அவளுக்கும் ஆள் தேடுகிறது. தின்பண்டம் மட்டும் வாங்கி வராதீர்கள். இன்னும் கொஞ்ச நாளைக்கு இட்லியும் குழைந்த ரசம் சாதமும்தான்.