முதல் நாளே பெரிய கோஸ்டர் கட்டுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரோலர்கோஸ்டர் டைகூனில் புதிதாக இறங்கியிருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். 1999-இல் கிறிஸ் சாயர் ஏறக்குறையத் தனி ஆளாக, பெரும்பகுதியை அசெம்பிளி எனும் அடிமட்ட நிரல் மொழியிலேயே எழுதி முடித்த, கேளிக்கைப் பூங்கா கட்டி நடத்தும் கணினி விளையாட்டு இது. அதற்கு இன்றும் புது ஆட்கள் வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் முதல் பூங்காவான ஃபாரஸ்ட் ஃபிரான்டியர்ஸைத் திறந்த கையோடு, இருக்கிற காசையெல்லாம் கொட்டி வானளாவ ஒரு கோஸ்டரை எழுப்பிவிடுகிறீர்கள். மே மாதத்திலேயே கஜானா காலி. அப்புறம் "கேம் ரொம்பக் கஷ்டம்" என்று புலம்பல்.

அந்தப் பூங்காவில் உங்களிடம் கேட்பதே கொஞ்சம்தான். முதல் ஆண்டு அக்டோபர் முடிவில் 250 பேர் உள்ளே இருக்க வேண்டும். பூங்காவுக்கு விளையாட்டு போடும் மதிப்பெண் 600-க்குக் குறையக் கூடாது. விளையாட்டின் ஆண்டு மார்ச் முதல் அக்டோபர் வரைதான், ஆக எட்டு மாதம். கையில் இருப்பதோ கடன் பணம், வட்டி ஓடிக்கொண்டிருக்கும். கூட்டத்தை இழுப்பது ஒற்றைக் கோஸ்டர் அல்ல, விதவிதமான ரைடுகள். மெர்ரி கோ ரவுண்ட் மாதிரி மலிவானவற்றை முதலில் வையுங்கள். ஒரே ரைடை இரண்டாவதாக வைத்தால் அதன் மதிப்பு இறங்கிவிடும்.

உங்கள் ராட்சதக் கோஸ்டரில் இன்னொரு சிக்கல். ஒவ்வொரு ரைடுக்கும் விளையாட்டு போடும் மதிப்பெண்களில் தீவிரம் 10-ஐத் தாண்டினால் பாதிப் பேர் வாசலிலேயே திரும்பிப் போவார்கள், சுவாரசிய மதிப்பெண்ணும் வெட்டுப்படும். வளைவுகளில் தண்டவாளத்தைச் சாய்த்துப் போடுங்கள், பக்கவாட்டு விசை அடங்கும்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். காசு புரளும் இடமே இதுதான். ஒரு பார்வையாளரைச் சொடுக்கி அவர் மனசில் ஓடுவதைப் படியுங்கள். "இந்த ரைடு கொடுத்த காசுக்கு ரொம்ப லாபம்" என்று நினைக்கிறாரா? நீங்கள் மலிவாக விற்கிறீர்கள் என்று அர்த்தம். கொஞ்சம் ஏற்றுங்கள், மறுபடி பாருங்கள். "இவ்வளவு தரமாட்டேன்" என்று நாலைந்து பேர் முணுமுணுத்ததும் ஒரு படி இறக்குங்கள். ரைடு பழசாக ஆக மதிப்பு குறையும், அதனால் இந்த வேலை ஓயாது. மழை மட்டும் தனிக் கணக்கு: தூறல் விழுந்தால் தகவல் மையத்தில் குடையின் விலையை 20 பவுண்டுக்கே ஏற்றலாம், பையில் காசு இருக்கிறவர் வாங்கியே தீருவார். அநியாயம்தான், பொம்மை மனிதர்கள் என்பதால் மனசாட்சி உறுத்துவதில்லை.

பாதைகளை அகலமாகப் போட்டு அழகு பார்க்காதீர்கள். முட்டுச்சந்துகளும் வேண்டாம். ஆட்கள் வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் கடுகடுப்போடு நிற்பார்கள். துப்புரவாளர்களுக்குப் புல் வெட்டும் வேலை டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பாதையில் வாந்தி கிடக்கும், அவர் புல்வெளியில் நிற்பார்.

மெக்கானிக்கின் சோதனை இடைவெளியை 30 நிமிடத்திலிருந்து 10 நிமிடத்துக்குக் குறையுங்கள். நிலையத்தில் பிரேக் பழுதாகி இரண்டு ரயில்கள் மோதினால், அந்தக் கோஸ்டர் பக்கம் அப்புறம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

250 பேர் வந்து சேர்ந்த பிறகு, இரண்டாம் ஆண்டில், எவ்வளவு உயரமாக வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பழைய பூங்கா முதலாளி ஒருவன்