தலைவர் என்று சேமித்த எண்

18 மே 2025

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஆடிட், யூனியன் ஆபீஸ், நடுவில் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று உட்கார்ந்து எழுத முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. கட்டுப் பிரித்தாயிற்று. இப்போது என் கோலத்தில் எந்தப் புள்ளி தள்ளியிருக்கிறது என்பதுவரை அவருக்குத் தெரிகிறது.

தி.மு.க. மந்திரியாக இருந்த பொன்முடி பெண்களைக் கேவலமாகப் பேசியதைப் பற்றி இரண்டு பக்கம் கொதித்திருக்கிறாய். ஏப்ரலில் முதலில் கட்சிப் பதவி போனது, மாதக் கடைசியில் மந்திரி பதவியும் போனது. 2022-இல் நம்முடைய இலவச பஸ் பயணத்தை 'ஓசி' என்று சொன்னதும் அதே வாய்தான். ஆனால் இது ஒரே கொடிக்குக் கீழே இருக்கிற நோய் இல்லையடி. 2018-இல் பெண் பத்திரிகையாளர்களைக் கேவலப்படுத்தும் பதிவை ஃபேஸ்புக்கில் பகிர்ந்த எஸ்.வி.சேகர் அப்போது பா.ஜ.க.வில் இருந்தார். அதற்கு ஒரு மாதத் தண்டனை என்று தீர்ப்பு வர 2024 ஆனது. அதே 2018-இல், கேள்வி கேட்ட பெண் நிருபரின் கன்னத்தைத் தட்டிவிட்டு அப்புறம் மன்னிப்புக் கேட்டவர் அன்றைய ஆளுநர்.

"ஊராட்சி ஆபீஸில் செயலராக இருக்கிறவள் நீ, உனக்கு இதெல்லாம் பழகிப்போச்சா?" என்று கேட்டிருந்தாய். பழகவில்லை. ஆனால் இப்படிப்பட்ட பேச்சு வந்தால் நாலு பேருக்கு உடனே தெரிந்துவிடுகிறது, ஆளைப் பிடித்துக் கேட்கவும் முடிகிறது. என் தூக்கத்தைக் கெடுத்தது வேறு ஒன்று. அதில் யாரும் யாரையும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. போதாததற்கு அதில் நானும் இருந்தேன்.

போன நவம்பரில் ஒருநாள் ராத்திரி எட்டு மணி இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து போன். "அக்கா, நான்தான்" என்றது ஒரு பெண் குரல். "நான்தான்னா யாரும்மா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "தலைவர் வீட்ல பேசுறேன்க்கா" என்றாள்.

பேசியது எங்கள் ஊராட்சித் தலைவர். அவள்தான் தலைவர். ஐந்து வருஷமாக அவள் பெயரில்தான் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறது. என் போனில் 'தலைவர்' என்று சேமித்து வைத்திருந்த எண் அவள் வீட்டுக்காரருடையது. அவள் எண் என்னிடம் இருந்ததே இல்லை. மேலத்தெருவில் குழாய் உடைந்து தண்ணீர் ஓடுகிறது, இவர் வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள். டேங்க் ஆபரேட்டரை அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அடுப்படியில் அப்படியே நின்றேன்.

நடந்ததைச் சொன்னால் உனக்குப் புரியும். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டத்தைத் திருத்தினார்கள் அல்லவா, அந்தக் கணக்கில் 2019 டிசம்பர் தேர்தலில் எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஊரில் அதற்குப் பெயர் 'லேடீஸுக்கு வந்துருச்சு'. ஏதோ நோய் வந்துவிட்ட மாதிரி சொல்வார்கள். நாலு வருஷமாக நிற்க ஆசைப்பட்டுக் காத்திருந்தவர் மனைவியை நிறுத்தினார். போஸ்டரில் கும்பிட்டபடி பெரிதாக அவர் இருந்தார். அவள் படம் ஓரத்தில் ரேஷன் கார்டு சைஸில், அதன் கீழே 'துணைவியார்' என்று. அவள் பெயரைக் குனிந்துதான் படிக்க வேண்டும்.

அந்த மனுஷன் மோசமானவர் இல்லை, அதுதான் சிக்கலே. காசு தொட மாட்டார். மோட்டார் எரிந்தால் நடுராத்திரியில் மெக்கானிக்கைக் கூட்டி வருவார். மனைவியை ஒருநாளும் அதட்டிப் பார்த்ததில்லை. ஊராட்சிப் பணம் பட்டுவாடா செய்ய பென்டிரைவ் மாதிரி ஒரு டிஜிட்டல் கையெழுத்துக் கருவி உண்டு, 'கீ' என்போம். தலைவருடைய கீ எப்போதும் அவர் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் இருக்கும். "ஏன் இவங்களுக்குச் சிரமம்" என்பார். காகிதத்தில் போட வேண்டிய கையெழுத்துக்கு மட்டும் அவள் வருவாள். நான் பென்சிலால் டிக் போட்டு வைத்திருப்பேன். இங்க, இங்க, அப்புறம் இங்க. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வரிசையாகப் போட்டுவிட்டுப் போவாள். என்ன என்று அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சௌகரியம்தான். அவளிடம் சொன்னால் "அவர்ட்ட கேட்டுச் சொல்றேன்க்கா" என்பாள். நேரே அவரிடமே போனால் ஒரு நடை மிச்சம். யூனியன் ஆபீஸில் "தலைவர்ட்ட பேசிட்டியாம்மா?" என்றால் அவரைத்தான் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். 1996-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆம்பளைச் செயலர்கள் டீக்கடையில் பேசி முடித்துவிட்டு வந்து என்னிடம் நோட்டை நீட்டுவார்கள் என்று உனக்கு எத்தனை தடவை புலம்பி எழுதியிருக்கிறேன். இவள் விஷயத்தில் நான் அந்த டீக்கடை ஆள் ஆகிவிட்டேன்.

ஒன்று மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. போன வருஷம் ஆகஸ்ட் 15 கிராமசபை. கிழக்குத் தெருவுக்குப் புதுக் குழாய் எங்கே வைப்பது என்று பேச்சு. அவள் எழுந்தாள். வேப்பமரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பெண்கள் குடத்தோடு நிற்க நிழல் இருக்கும், கழிவு நீரும் தேங்காது என்று சொல்ல வந்தாள். பாதியில் பின்னாலிருந்து, "நீ உட்காரும்மா, நான் சொல்றேன்" என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். குழாய் டீக்கடைக்கு எதிரே வந்தது, மெயின் லைனுக்குப் பக்கம் என்பதால். தீர்மானப் புத்தகத்தில் 'தலைவர் அவர்கள் தெரிவித்தார்' என்று எழுதினேன். இந்தக் கையால்தான். கடையில் ஆம்பளைக் கூட்டம் குறைகிறவரை குடத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள் அந்தத் தெருப் பெண்கள்.

மார்ச்சில் சத்தீஸ்கரில் ஒரு கூத்து நடந்தது, பார்த்தாயா? ஜெயித்த ஆறு பெண் உறுப்பினர்களுக்குப் பதிலாக அவர்கள் வீட்டுக்காரர்கள் மாலை போட்டு நின்று உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். ஆபீஸில் அந்த வீடியோவைப் போட்டுச் சிரித்தார்கள். சஸ்பெண்ட் ஆனது அந்த ஊராட்சிச் செயலர் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கணவர் ராஜ்ஜியத்துக்குத் தண்டனை வேண்டும் என்று மத்திய அரசு போட்ட குழு ஒன்று பரிந்துரைத்திருக்கிறது. கீ யார் பையில் இருக்கிறது என்று எவன் வந்து தடவிப் பார்ப்பான்?

தலைவர் தலித் பெண்ணாக இருந்துவிட்டால் இந்த 'மரியாதை' கூடக் கிடைக்காது. 2020-இல் கடலூர் மாவட்டத்தில் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வந்ததே. அதே வருஷம் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் சுதந்திர தினக் கொடியைத் தலைவரை ஏற்ற விடவில்லை. நாலைந்து நாள் கழித்துக் கலெக்டரே போய் ஏற்ற வைத்தார். அங்கே சாதியும் சேர்ந்து நாற்காலியைப் பிடுங்குகிறது. எங்கள் ஊரில் நாற்காலியை யாரும் பிடுங்கவில்லை, துடைத்துத்தான் போட்டோம். கலெக்டர் வருகிற அன்றைக்கு மட்டும் அவள் அதில் உட்கார்ந்தாள்.

மேலே மட்டும் என்ன வாழ்கிறது? நாடாளுமன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற மசோதா முதலில் வந்ததும் அதே 1996-இல்தான். எனக்கு வேலை கிடைத்து, கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, அதுகள் கல்லூரி முடித்த பிறகு, 2023-இல் மக்களவையில் 454-க்கு 2 என்று நிறைவேறியது. அப்பவும் கணக்கெடுப்பு முடியணும், தொகுதி மறுவரையறை முடியணும், அப்புறம்தான் நடைமுறை. மக்களவைக்கு 2024-இல் ஜெயித்த 543 பேரில் 74 பேர்தான் பெண்கள். நம் சட்டமன்றத்தில் 2021-இல் ஜெயித்தது 234-இல் 12. ஓட்டுப் போட்டபோது எதிர்க்க இரண்டே பேர்தான் இருந்தார்கள். சீட்டுக் கொடுக்கிறபோது அந்த 454 பேரும் எங்கே போகிறார்கள் என்று தெரியவில்லை.

உன் அபார்ட்மென்ட் சங்கக் கதையைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பொருளாளராக உன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டு லிஃப்ட் கம்பெனி பில்லுக்கு உன் வீட்டுக்காரருக்குப் போன் போடுகிறார்களா? அண்ணன் "அவகிட்ட கேளுங்க" என்று வைத்துவிட்டதாக எழுதியிருந்தாய். ரொம்ப நல்லது. எங்கள் ஊர்க்காரரிடமும் யாராவது அப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அந்த 'யாராவது' நானாகத்தான் இருந்திருக்க வேண்டும், வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த நவம்பர் ராத்திரியே அவள் எண்ணை அவள் பெயரில் சேமித்தேன். இன்னொரு எண்ணில் 'தலைவர்' என்று இருப்பதை மட்டும் மாற்றக் கை வரவில்லை. ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலமும் முடிந்துவிட்டது. இப்போது தலைவருக்குப் பதிலாக அரசு போட்ட தனி அலுவலர் நிர்வாகம்.

இந்த மே 1 கிராமசபைக்கு அவள் வந்தாள். தனியாக. நூறு நாள் வேலைப் பெண்களோடு பாயில் உட்கார்ந்தாள். கூட்டத்தை மேற்பார்வை பார்க்க யூனியனிலிருந்து பற்றாளர் வந்திருந்தார். வருஷ வரவு செலவை வழக்கம்போல நான் கடகடவென்று வாசித்துக்கொண்டு போனேன், வெயிலுக்கு முன்னால் முடிக்க வேண்டுமே என்று. அவள் கையைத் தூக்கினாள்.

"கொஞ்சம் மெதுவா வாசிங்கக்கா. இதுல முக்கால்வாசி நான் கையெழுத்துப் போட்டதுதானே, என்னன்னு ஒருதடவை கேட்டுக்கிறேன்."

பாயில் சிரிப்பு எழுந்தது. அவளும் சிரித்தாள். நான் முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தினாள். இது எந்தத் தெரு, இந்த பல்பு எத்தனை, இந்தப் பைப்பு எத்தனை அடி. கிழக்குத் தெருக் குழாய் வந்தது. தொகையைச் சொன்னேன்.

"இதுக்கும் நான்தான் போட்டேனாக்கா?"

"ஆமா, தலைவரம்மா."

"சரி" என்றாள். கொஞ்சம் கழித்து, "மேல வாசிங்க" என்றாள். முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பற்றாளர் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தார். குழாயை வேப்பமரத்துக்கு மாற்ற வேண்டும் என்று அந்தத் தெருப் பெண் ஒருத்தி எழுந்து சொல்ல, தீர்மானமாக எழுதிக்கொண்டேன். பணம் வருமா என்பது வேறு கதை.

பெரியவனுக்கு ஆனியில் நிச்சயம் வைத்திருக்கிறோம். தேதி உறுதியானதும் போன் போடுகிறேன், இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. போன தடவை மாதிரி சாப்பாட்டு நேரத்துக்கு வந்து இறங்காதே. மாவடு போட்டிருக்கிறேன், எவர்சில்வர் டப்பா ஒன்று எடுத்து வா. பிளாஸ்டிக் வேண்டாம்.

அன்புடன்,
மல்லிகா