மூன்று படங்களை இறக்கிய அதிகாரிக்கு: காரணத்தை எழுத்தில் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏற்காட்டில் மாட்டியிருந்த கேலிச்சித்திரங்களில் மூன்றைக் கழற்றி எடுத்துச் சென்றீர்கள். "அதிகாரிகளை இனவெறியர்கள் என்கிறது" என்று வாய்மொழியாகச் சொன்னதோடு சரி. எந்தப் படம், எந்த வரி, எந்தச் சட்டப் பிரிவு என்று எழுத்தில் கேட்டோம். பதில் இன்னும் வரவில்லை.

தங்களை அதிகம் உறுத்தியது அளவுநாடாப் படம்தான். மேசைக்குப் பின்னால் ஓர் அலுவலர், மேசைமேல் விரித்துப்போட்ட அளவுநாடா. எதிரே பேன்ட் சட்டையோடு, மதிப்பெண் பட்டியலைப் பிடித்தபடி ஒரு பையன். "மலையாளிப் பழங்குடின்னா ஆடிக் காட்டு" என்கிறார் அலுவலர். (மலையாளி என்பது இந்த மலைகளில் வாழும் பழங்குடி; கேரளத்தவர் அல்லர்.) பையனுக்கு வாய் வரையப்படவில்லை. அந்தப் படத்தின் பேச்சே அதுதான்.

இது கற்பனை இல்லை என்பது சேர்வராயன் மலையில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரியும். இ-சேவை மையத்தில் பழங்குடிச் சாதிச் சான்றுக்கு மனு கொடுத்தால் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று நகர்ந்து கோட்டாட்சியரிடம் போகவேண்டும். 11.11.1989 வரை தாசில்தார் கொடுத்த சான்று செல்லும். ஆனாலும் அப்பாவின் சான்றில் கோட்டாட்சியர் கையெழுத்து இல்லை என்று மனு திரும்பி வருகிறது. பிறகு நேரடி விசாரணை: குலதெய்வம் எது, கல்யாணத்தில் என்ன பாட்டு, வீட்டில் என்ன பேச்சு. அதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடும். படித்து, ஊர்ப் பேச்சும் உடையும் மாறிய பிள்ளைதான் இந்தக் கேள்விகளில் தோற்கிறது. இத்தகைய பண்பாட்டுப் பொருத்தச் சோதனையை மட்டும் உரைகல்லாகக் கொள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் சொல்லிவிட்டது. ஓர் இனத்தின் பிள்ளையிடம் தோற்றத்தைக் காட்டி நிரூபி என்று கேட்பதை நாங்கள் இனவெறி என்கிறோம். வேறு சொல் இருந்தால் அதையும் எழுத்தில் கொடுங்கள்.

இரண்டாவது படம் வாச்சாத்தி. தருமபுரி மாவட்டத்தின் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று சோதனை என்ற பெயரில் நடந்த தாக்குதலுக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் வனம், காவல், வருவாய் ஆகிய மூன்று துறைகளைச் சேர்ந்த 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2011-இல், உயிரோடு இருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்பில் இருப்பதைத்தான் படம் வரைந்திருக்கிறது.

குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவு என்று யாரோ சொன்னதாகக் காதில் விழுந்தது. அது இரு பிரிவினரிடையே பகை மூட்டுவது பற்றியது. குறைந்தது இரண்டு சமூகங்கள் வேண்டும். அதிகாரிகள் ஒரு சமூகம் அல்லர். அந்தக் குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கவே அரசின் முன் அனுமதி தேவை. அவதூறு என்றாலோ, அரசு ஊழியர் பொதுக் கடமையைச் செய்யும் விதம் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்துக்கு அதே சட்டத்தின் 356-ஆம் பிரிவே விலக்குத் தருகிறது. கைப்பற்றியதாக வைத்துக்கொண்டாலும் பட்டியல் எங்கே, சாட்சிக் கையெழுத்து எங்கே, காணொளிப் பதிவு எங்கே? 1987-இல் ஓர் அட்டைப்படக் கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியருக்குச் சட்டமன்றம் 3 மாதச் சிறை விதித்தது. பின்னர் உயர் நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்கச் சொன்னதைத் தாங்கள் அறிவீர்கள்.

மூன்றாவது படத்தில் ஒரே குடும்பத்தின் நடுவே மாவட்ட எல்லைக்கோடு ஓடுகிறது. சேலத்து மலையாளி பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார். ஈரோட்டுப் பர்கூர் மலையிலுள்ள மலையாளி இல்லை. இத்தனை ஆண்டுகளாக இதைச் சரிசெய்ய முடியாத நிர்வாகத்துக்குப் படத்தைக் கழற்றப் பத்து நிமிடம் போதுமாக இருந்திருக்கிறது.

கோபம் சற்று மிகுந்துவிட்டது, பொறுத்தருள்க. கேட்பது இதுதான்: காரணத்தை எழுத்தில் கொடுங்கள், இல்லையேல் படங்களைத் திருப்பிக் கொடுங்கள். அவை நகல்கள் அல்ல, ஏ3 தாளில் மையும் நீர்வண்ணமுமாகத் தீட்டிய மூலங்கள். தயவுசெய்து சுருட்டி ரப்பர் போட வேண்டாம்; மலை ஈரத்தில் வண்ணம் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். தட்டையாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே வெண்தாள் வைத்து, திருப்பித் தரும்வரை பீரோவில் வையுங்கள்.

இப்படிக்கு,
படம் வரைந்தவர்கள்