நடைப்பயண மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆகவே இவ்வறிக்கை இவ்வாண்டின் சுவீடன் பயணத்தைப் பற்றியது. அதிலும் பெரும்பாலும் அதன் கடைசி இரண்டு நாட்களைப் பற்றியது.

அபிஸ்கோவிலிருந்து நிக்கலுவோக்தா வரை சுமார் 105 கிலோமீட்டரை, பெரும்பகுதி குங்ஸ்லேடன் பாதை வழியாக, நம் குழு நடந்து முடித்தது. வழியிலுள்ள மலைக்குடில்களில் மின்சாரமும் குழாய்நீரும் கிடையாது. விறகு பிளப்பதும் ஓடையிலிருந்து வாளியில் நீர் சுமப்பதும் தங்குபவர்களின் பொறுப்பு. பிறகு ஸ்டாக்ஹோமில், 1888இல் இங்கிலாந்தில் கட்டப்பட்டு 1949 முதல் தங்கும் விடுதியாக விளங்கும் ஆஃப் சாப்மன் என்னும் மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பலில் தங்கினோம். குழாயைத் திறந்ததும் கொட்டிய வெந்நீரில் கையை நீட்டியபடி, குளிக்கவும் மறந்து ஓர் உறுப்பினர் நின்றதை இங்கே பதிவு செய்கிறேன்.

மறுநாள், வாசா என்னும் பழைய போர்க்கப்பலைக் காட்சிக்கு வைத்திருக்கும் வாசா அருங்காட்சியகம் சென்றோம். 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் புறப்பட்ட அந்தப் போர்க்கப்பல், சுமார் 1,300 மீட்டர் மட்டுமே சென்ற நிலையில் காற்றுக்குச் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே நீர் புகுந்து மூழ்கியது. அடித்தட்டில் ஏறத்தாழ 120 டன் கல் பாரமாக இருந்தும், பீரங்கிகள் நிறைந்த இரண்டு தட்டுகளையும் உயர்ந்த மேற்கட்டுமானத்தையும் அது தாங்கவில்லை. பாரத்தை மேலே வைத்துக் கட்டிய முதுகுப்பையால் முதல் நாளே இருமுறை சறுக்கிய எனக்கு இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. பால்டிக் கடலின் உப்புக் குறைந்த நீரில் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு பெருகாததால்தான், 333 ஆண்டுகளுக்குப் பின் 1961இல் மேலே கொண்டுவரப்பட்டபோதும் அதன் மரம் உறுதியாக இருந்தது. வற்றும்போது மரம் சுருங்கி வெடிக்காதிருக்க, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் வேதிப்பொருளின் கரைசலை 17 ஆண்டுகள் தெளித்திருக்கிறார்கள். மங்கிய வெளிச்சத்தில் பின்புறச் சிற்பங்களின் எதிரே நின்ற நம்மவர்களை அழைத்துவரவே எனக்கு அரைமணி நேரமாயிற்று.

குறையொன்றும் உண்டு. நகரத்தை ஓய்வுக்கான இடமென மட்டுமே கருதி இரண்டு நாட்களை ஒதுக்கியது என் தவறு. இரவு ரயில் தாமதமானதால் அதிலும் அரை நாள் போயிற்று. அருகிலேயே நின்ற 1915ஆம் ஆண்டுப் பனியுடைப்புக் கப்பலான சாங்க்ட் எரிக்கைக் கரையிலிருந்தே பார்த்துத் திரும்பினோம்.

எனவே, அடுத்த பயணத்தில் நடையை இரண்டு நாள் குறைத்துத் துறைமுக நகருக்கு நான்கு நாட்கள் ஒதுக்கும் தீர்மானத்தை முன்மொழிகிறேன். நடை குறைவதை மூத்த உறுப்பினர் சிலர் விரும்பவில்லை என்பதை அறிவேன். அவர்கள் கருத்தைக் கேட்ட பின்னரே வாக்கெடுப்பு நடத்த வேண்டுகிறேன்.

இவண்,
செயலாளர்