ஈஸ்டருக்கு வீட்டுக்கு வா

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் சுகம். அப்பாவுக்கு மட்டும் முழங்கால் வலி விட்டபாடில்லை.

நீ அனுப்பிய செய்தியை நிதானமாக வாசித்தேன். இனி கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் உனக்கு இல்லை, லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்திலுள்ள யூதப் பண்டிகைகளைத்தான் ஆசரிப்பேன் என்று எழுதியிருக்கிறாய். அப்பா கோபப்பட்டார். எனக்கு வரவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் அந்த அதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு ஆசையாக நடத்தியவள் நான்.

அதிலும் கூடாரப் பண்டிகை என்றால் எனக்கு உயிர். எருசலேமில் கோடை முழுக்க மழை கிடையாது. கிணறும் தொட்டியும் வற்றி, அடுத்த மழைக்காக ஊரே வானத்தைப் பார்க்கும் செப்டம்பர், அக்டோபரில் அந்தப் பண்டிகை வரும். சீலோவாம் குளத்திலிருந்து ஆசாரியர் பொற்குடுவையில் தண்ணீர் மொண்டுவந்து பலிபீடத்தில் வார்ப்பார் என்று யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. அந்தப் பண்டிகையின் கடைசி நாளில்தான் இயேசு எழுந்து நின்று, "ஒருவன் தாகமாயிருந்தால் என்னிடத்தில் வந்து, பானம்பண்ணக்கடவன்" என்று சத்தமிட்டார். இரவில் ஆலயத்தின் பெண்கள் பிரகாரம் என்ற முற்றத்தில் பெரிய விளக்குத் தண்டுகளை ஏற்றுவார்களாம்; ஆசாரியர்களின் பழைய உடைகளைக் கிழித்துத்தான் திரி. "நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்" என்ற வசனம் யோவானில் அடுத்த அதிகாரத்திலேயே வருகிறது. இதெல்லாம் தெரியாமலே நம்மில் பலர் யோவான் சுவிசேஷத்தை மனப்பாடமாகச் சொல்கிறோம். வேரைத் தேடுகிற உன் ஆசையை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் லேவியராகமத்தில் இல்லாத பண்டிகை எல்லாம் தள்ளுபடி என்கிறாயே, அதுதான் எனக்கு இடிக்கிறது. யோவான் 10-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். மாரிகாலம், பிரதிஷ்டைப் பண்டிகை, இயேசு சாலொமோனுடைய மண்டபத்தில் உலாவுகிறார். இன்று ஹனுக்கா என்கிறார்களே, அதுவேதான். மோசேயின் சட்டத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. கி.மு. 164-இல் மக்கபேயர் என்ற யூதப் போராளிகள் ஆலயத்தைச் சுத்திகரித்த நன்றியில் மனிதர் ஏற்படுத்திக்கொண்ட பண்டிகை. அந்த நாளில் ஆண்டவர் ஆலயத்துக்குப் போகாமல் இருக்கவில்லை. அப்படியிருக்க, ரோமாபுரியில் 4-ஆம் நூற்றாண்டிலேயே டிசம்பர் 25-ஐக் கொண்டாடினார்கள் என்பதற்காக நம் பாட்டி கட்டிய நட்சத்திரத்தை நீ ஏன் கழற்றிப் போடவேண்டும்?

எகிப்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பஸ்கா இருக்கிறதே, உங்கள் ஐக்கியத்தில் நடக்கப்போகும் அந்தப் பஸ்கா விருந்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கடைசி இராப்போஜனத்தில் இயேசு செய்ததை அப்படியே செய்கிறோம் என்று உங்கள் தலைவர் சொல்வதாக எழுதியிருந்தாய். ஆட்டுக்குட்டியை ஆலயத்தில்தான் பலியிட முடியும், கி.பி. 70-இல் ரோமர் ஆலயத்தை இடித்த பிறகு, அது இல்லாமல் பஸ்காவை எப்படி ஆசரிப்பது என்று யூதப் போதகர்களாகிய ரபிகள் தலைமுறை தலைமுறையாக யோசித்து உருவாக்கியதுதான் இன்றைய ஒழுங்கு. அந்த விருந்தில் எலியா தீர்க்கதரிசிக்கென்று வைக்கும் கிண்ணம் பல நூற்றாண்டு கழித்து வந்தது. யூத ஜனங்கள் பாடுபட்டுக் காப்பாற்றியதை நாம் மேடையில் நடித்துக் காட்டும் காரியமாக ஆக்கிவிடக்கூடாது, ஐயா. அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அவர்கள் வீட்டு மேசை.

நம்மவர்கள் அவர்களுக்குச் செய்ததையும் படித்துக்கொள். 386, 387-ஆம் ஆண்டுகளில் அந்தியோகியாவில் கிறிஸ்தவர்கள் சிலர் உன்னைப்போலவே யூதப் பண்டிகைகளுக்குப் போய்வந்தார்கள். கிறிசோஸ்தம் என்ற பெரிய பிரசங்கியார் அவர்களைக் கண்டிக்கப்போய், யூதர்மேல் கக்கிய வார்த்தைகள் வாசிக்கக் கூசும். 1903-இல் அன்றைய ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் ஈஸ்டர் ஞாயிறு அன்று தொடங்கிய கலவரத்தில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். பஸ்கா அப்பத்தில் கிறிஸ்தவப் பிள்ளையின் இரத்தத்தைக் கலக்கிறார்கள் என்ற பழம்பொய் அதற்கு முன் அங்கே பரவியிருந்தது. வேரைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் இதையும் பேசுகிறார்களா என்று கேட்டுச் சொல்.

ஈஸ்டரை எந்த நாளில் ஆசரிப்பது என்ற சண்டை நம் சபையில் ஆதிமுதலே உண்டு. சிமிர்னாவின் கண்காணியாராகிய போலிகார்ப், யூதரின் பஸ்கா நாளாகிய நிசான் மாதம் 14-ஆம் தேதியையே ஆசரித்தவர். அப்போஸ்தலனாகிய யோவானிடமே கற்றுக்கொண்டதாகச் சொன்னவர். ஏறக்குறைய 155-இல் ரோமாபுரிக்குப் போய் அங்கிருந்த கண்காணியார் அனிசேட்டஸிடம் இதைப் பற்றிப் பேசினார். ரோமாபுரியார் ஞாயிறை விடவில்லை, கிழவரும் 14-ஐ விடவில்லை. ஒருவரை ஒருவர் அசைக்க முடியாமல்போனதும், அனிசேட்டஸ் தன் சபையில் திருவிருந்து நடத்தும் கனத்தைப் போலிகார்ப்புக்கே கொடுத்தார். சமாதானமாகப் பிரிந்தார்கள். பின்னால் ரோமாபுரியின் கண்காணியாரான விக்டர் ஆசியாவின் சபைகளை விலக்கிவைக்கப் பார்த்தபோது, லியோனின் ஐரேனியஸ் இந்தக் கதையை நினைவூட்டித்தான் அவரைக் கடிந்துகொண்டார். இதை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "ஓஹோ" என்று மட்டும் சொன்னார்.

இந்த 2026-இல் காலண்டரே நமக்குச் சாதகமாக இருக்கிறது. 2024-இல் ஈஸ்டர் மார்ச் 31-இல் முடிந்து, பஸ்கா ஏப்ரல் 22 மாலைதான் தொடங்கியது. யூதர்கள் சந்திரமாதத்தைப் பருவத்தோடு இணைக்க 19 ஆண்டுக்கு ஏழு தடவை ஒரு மாதம் கூட்டுவதால் சில வருஷம் இப்படி விலகிப்போகும். 2026-இல் பஸ்கா ஏப்ரல் 1, புதன் மாலை. பெரிய வெள்ளி 3-ஆம் தேதி. ஈஸ்டர் 5-ஆம் தேதி. புதன்கிழமை உன் ஐக்கியத்தாரோடு சாப்பிட்டுவிட்டு, வியாழன் மாலை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் வெள்ளி காலையில் வீட்டில் இருப்பாய். ஏழு வார்த்தை ஆராதனைக்கு நேரம் இருக்கும்.

ஈஸ்டர் காலை நம் வீட்டில் ஆப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும் என்று உனக்குத் தெரியும். பஸ்கா வாரத்தில் புளித்தது கூடாதே, ஆப்பம் புளித்த மாவாயிற்றே என்று நீ தயங்குவாய். நான் விசாரித்துவிட்டேன்: கோதுமை, வாற்கோதுமை முதலான ஐந்து தானியங்கள் புளித்தால்தான் விலக்கு, ரபிகள் அரிசியை அதில் சேர்க்கவில்லை. ஐரோப்பிய யூதர்கள் வழக்கத்தினால் அரிசியைத் தவிர்க்கிறார்கள். அரபு நாடுகளில் வாழ்ந்தவர்களில் பலர் பஸ்கா வாரத்திலும் சோறு சாப்பிடுகிறார்கள். அப்படியும் உன் மனச்சாட்சி இடங்கொடுக்காவிட்டால் உனக்கு மட்டும் இடியாப்பம் பிழிந்து வைக்கிறேன். டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் பஸ்ஸிலாவது வா. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா