ஒரிஜினல் பெயிண்டைத் தேய்த்து எடுத்துவிட்டு, வண்டிக்கு மதிப்பில்லை என்று எழுதிய அறிக்கை குறித்த புகார்

அனுப்புநர்:
வண்டி உரிமையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்,
பழைய கார் மதிப்பீட்டுப் பிரிவு, சென்னை.

பொருள்: 1953 மாடல் மோரிஸ் மைனர், திறந்த டாப் வண்டி – தவறான மதிப்பீடு, வண்டிக்கு ஏற்பட்ட சேதம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் கஸ்டமர் கேர் எண்ணில் பேசிப் பேசி ஓய்ந்துபோய் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு தடவையும் புது ஆள் எடுக்கிறார், முதலிலிருந்து கதையைச் சொல்லச் சொல்கிறார், "டிக்கெட் போட்டுட்டேன் சார்" என்கிறார். அடுத்த நாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வருகிறது. எதைத் தீர்த்தீர்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. காகிதத்தில் வந்தால் யாராவது உட்கார்ந்து படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

வண்டி என் தாத்தா வாங்கியது. வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. அப்போது எங்கள் வீடு வாலாஜாபேட்டையில். தாத்தாவுக்குப் பிறகு அப்பா ஓட்டினார். அவருக்கு முடியாமல் போனபின் ஷெட்டில் நின்றது. டிங்கரிங் பார்த்ததில்லை, பெயிண்ட் அடித்ததில்லை. அப்பா காலமான பிறகு பாகப்பிரிவினைப் பேச்சு வந்தது. வண்டியை நானே வைத்துக்கொண்டு, தம்பிக்கும் தங்கைக்கும் அவரவர் பங்கைப் பணமாகக் கொடுத்துவிடுவது என்று முடிவு. விலையை நானே சொன்னால் நன்றாக இருக்காது, வெளியாள் சொல்லட்டும் என்றுதான் உங்களிடம் வந்தேன். ரூ.7,500 கட்டி, உங்களிடம் உள்ளதிலேயே பெரிய ரிப்போர்ட்டை எடுத்தேன். அதில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை, நீங்கள் போட்ட பட்டியல்தானே.

நீங்கள் எழுதிய விலை ரூ.85,000.

காரணங்களைப் படித்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது. "முன்கண்ணாடி உடைந்து, நடுவில் பட்டை வைத்து இணைக்கப்பட்டுள்ளது" என்று சொல்லி விலையில் ஒரு கழிவு. ஐயா, 1956-ல் மைனர் 1000 வரும்வரை இந்த வண்டிக்கு முன்கண்ணாடியே இரண்டு துண்டுதான். "இண்டிகேட்டர் இல்லை" என்று இன்னொரு கழிவு. கதவுக்குப் பின்னால் பாடிக்குள் மடங்கிக் கிடக்கும் கைதான் அந்தக் காலத்து இண்டிகேட்டர், சுவிட்சைத் திருப்பினால் வெளியே நீளும். திருப்பிப் பார்த்திருந்தால்தானே தெரியும்! இன்ஜின் 1100 சிசி என்று போட்டிருக்கிறீர்கள். இது 803 சிசி. 1098 சிசி இன்ஜின் மைனருக்கு வந்தது 1962-ல்.

இதெல்லாம் போகட்டும். "கூரை வெட்டி மாற்றப்பட்ட சலூன்" என்று, அதாவது நிலையான கூரையோடு வந்த காரை வெட்டியது என்று, மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதை எதைப் பார்த்து எழுதினீர்கள்? சலூனை வெட்டித் திறந்த டாப் ஆக்கிய மைனர்கள் உலகம் முழுக்க இருக்கின்றன, சந்தேகப்படுவது நியாயம்தான். சந்தேகம் வந்தால் சேஸி பிளேட்டைப் பார்க்க வேண்டும். என் வண்டியின் பிளேட்டில் எண் எஃப்.சி.ஏ. என்று தொடங்குகிறது. எஃப் என்றால் மைனர், சி என்றால் திறந்த டாப், ஏ என்றால் கறுப்பு. சலூனாக இருந்தால் நடு எழுத்து ஏ அல்லது பி என்று இருக்கும். பானெட்டைத் திறந்து மூன்று எழுத்தைப் படிக்க எவ்வளவு நேரமாகும்? அது மட்டுமில்லை, கூரை இல்லாத பாடி தொங்கிவிடக் கூடாது என்று கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிக்குள் கம்பெனியே கூடுதல் தகடு வைத்து அனுப்பியது. வெட்டின வண்டியில் அது இருக்காது. கீழே குனிந்திருந்தால் தெரிந்திருக்கும். உங்கள் ஆள் குனியவே இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இந்த ஒரு வரியால் எனக்கு வந்த நஷ்டம் என்ன தெரியுமா? 2021-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, 50 வருடம் தாண்டி, அசல் வடிவத்தில் பராமரிக்கப்பட்டு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டியைத்தான் விண்டேஜ் என்று பதிவு செய்ய முடியும். பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், பதிவு பத்து வருடம் செல்லும். பாடியையே வெட்டி மாற்றிய வண்டி என்று உங்கள் முத்திரையோடு ஒரு காகிதம் சுற்றினால் எந்த ஆர்.டி.ஓ. கையெழுத்துப் போடுவார்?

அப்புறம் பெயிண்ட். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

வண்டியை டோயிங் வண்டியில் ஏற்றி, ரூ.9,000 கொடுத்து, வாலாஜா டோல் தாண்டி உங்கள் சென்னை யார்டுக்குக் கொண்டுவந்து இறக்கினேன். கழுவ வேண்டாம், துடைக்கக்கூட வேண்டாம் என்று கேட்டிலேயே சொன்னேன், ரிஜிஸ்டரில் எழுதியும் கொடுத்தேன். நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் உங்கள் பையன் ஒருவன் போட்டோவுக்காக பானெட்டில் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையைப் போட்டு மெஷினால் தேய்த்துவிட்டான். ஓரங்களில் பெயிண்டுக்கு அடியில் இருக்கும் பிரைமர் தெரிகிறது. வேலூர் வெயிலில் மங்கியிருந்தாலும், தொழிற்சாலையில் அடித்த அதே கறுப்பு அது. யாரும் இனி திரும்ப அடித்துத் தர முடியாது. இதைவிடக் கொடுமை, உங்கள் ரிப்போர்ட்டிலேயே "பானெட்டில் பெயிண்ட் சீரற்று உள்ளது, முழு பெயிண்டிங் தேவை" என்று போட்டு ரூ.1,20,000 கழித்திருக்கிறீர்கள்! செப்புப் பட்டயத்தைப் புளி போட்டுத் துலக்கிவிட்டு, எழுத்து மங்கலாக இருக்கிறது என்று சொல்வதைப் போல இருக்கிறது. புது பெயிண்ட் அடித்த மைனரை நான் நாளைக்கே செய்து காட்டுவேன். பெயிண்ட் அடிக்காத மைனரை உங்களால் செய்ய முடியுமா? ரீஸ்டோர் செய்யாத வண்டிக்குத் தனி மதிப்பு உண்டு என்று உங்கள் விளம்பரத்திலேயே போட்டிருக்கிறீர்கள். விளம்பரம் எழுதியவரும் ரிப்போர்ட் எழுதியவரும் ஒரே கட்டடத்தில்தான் உட்காருகிறீர்களா?

பேட்டரி விஷயத்தை விட்டுவிட்டேன். அந்தக் கால மைனரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த், அதைத்தான் பாடியோடு இணைத்திருப்பார்கள். உங்கள் மெக்கானிக் "யாரோ தப்பா மாட்டியிருக்காங்க" என்று திருப்பி மாட்டி ஸ்டார்ட் செய்திருக்கிறார். வீட்டுக்கு வந்தபின் சார்ஜ் ஏறவில்லை, டைனமோவையும் பேட்டரியையும் சேர்த்துத் துண்டிக்கும் கட்-அவுட்டின் பாயிண்ட் கருகியிருந்தது. அந்த வயதுடைய டைனமோவுக்கு ஆள் தேடி நான் எங்கே போவேன்?

வண்டியில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. டிரைவர் காலடியில் தரை துருப்பிடித்திருக்கிறது, விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போகும். டாப் துணி அசல் இல்லை, அப்பா காலத்தில் இங்கே லாங் பஜாரில் தைத்தது. ரப்பர் எல்லாம் வெயிலில் வெடித்துவிட்டது. இதற்கெல்லாம் கழித்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இது எதுவும் உங்கள் ரிப்போர்ட்டில் இல்லை! மைனருக்குத் தனி சேஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடிதான் எல்லாம். அதனால் இரண்டு கதவையும் திறந்துவைத்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, கதவு முன்போலவே மூடுகிறதா என்று பார்ப்பார்கள். கதவின் மேல் இடைவெளி நெருங்கினால் அடியில் அழுகல். காந்தத்தை ஓட்டிப் பார்த்தால் பட்டி போட்ட இடம் ஒட்டாது. காட்பாடியில் என் பழைய மெக்கானிக் அரை மணியில் இதையெல்லாம் பார்த்து, "கடல் காத்து படாத வண்டிண்ணே, அடி கெட்டியா இருக்கு" என்றார். அவர் கேட்டது ஒரு டீ.

நடுவில் நீங்கள் என்னை அலையவிட்டதையும் சொல்லியாக வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு மாவட்டம் இல்லையாம். எப்படி இருக்கும், 1989-லேயே பிரித்துவிட்டார்களே! அந்த ஒரு காரணத்துக்காக, வாலாஜாபேட்டை இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது, அங்கே போய் முகவரிச் சான்று வாங்கி வாருங்கள் என்றீர்கள். போனேன். வேலூரில் குடியிருப்பவருக்கு இங்கே எப்படித் தருவது என்று அவர்கள் கேட்டார்கள். சரிதானே? திரும்பி வந்து சொன்னால், "அது தேவையே இல்லையே சார், யார் உங்களைப் போகச் சொன்னது?" என்கிறது உங்கள் அலுவலகம். யார் சொன்னது என்று உங்கள் கால் ரெக்கார்டிங்கைக் கேளுங்கள்.

அதே ரெக்கார்டிங்கில் இன்னொன்றும் இருக்கும். மியூட் செய்ததாக நினைத்துக்கொண்டு உங்கள் சீனியர் எக்ஸிக்யூட்டிவ் பக்கத்து ஆளிடம், "அந்தப் பெருசு மறுபடியும் லைன்ல, இரும்புக் கடைக்குப் போற வண்டிக்கு இவ்வளவு பேச்சு" என்றார். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னதும் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. "சார், வேலூர்ல எல்லாம் ஒரிஜினல் டாப் வண்டி இருக்குமா?" என்று சிரித்தார். ஏன் இருக்காது? மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கரண்ட் போன வீட்டுக்காரர்கள் நடுராத்திரியில் திட்டும்போதுகூட இப்படிப் பேசியதில்லை. உங்கள் பையன் தேய்த்த பெயிண்டுக்குச் சமமாக இந்தச் சிரிப்பும் மனதில் நிற்கிறது.

வீட்டில் நடப்பதைக் கேளுங்கள். வண்டி எனக்கு வருகிறது, விலை குறைந்திருக்கிறது. அப்படியானால் யாருக்கு லாபம்? நானே உங்களுக்குப் பணம் கொடுத்துக் குறைத்து எழுத வைத்தேன் என்று தங்கை வீட்டுக்காரர் சொல்கிறார். தம்பி போனை எடுப்பதில்லை. என் கணக்கில் வண்டி எட்டு லட்சத்துக்குக் குறையாது, அதற்கான பங்கைக் கொடுக்கவும் தயாராக இருக்கிறேன். ஆனால் கையில் இருக்கும் காகிதம் வேறு சொல்கிறது. ஒரு குடும்பத்தையே உடைத்துவிட்டீர்கள். இதற்கு நீங்கள் எத்தனை லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது.

உங்கள் நிறுவனத்தில் விவரம் தெரிந்தவர்களும் இருப்பார்கள் என்று நம்புகிறேன். அவர்களில் ஒருவரை தயவுசெய்து வேலூருக்கு அனுப்புங்கள். வண்டி இனி யார்டுக்கு வராது. நேரில் பார்த்து, பிளேட்டைப் படித்து, சரியான அறிக்கை தாருங்கள். பழைய அறிக்கையை எழுத்துமூலம் ரத்து செய்து, நகல்களை என் தம்பிக்கும் தங்கைக்கும் அனுப்புங்கள். கட்டணம், டோயிங் செலவு, கட்-அவுட் சரிசெய்யும் செலவு ஆகியவற்றைத் திருப்பித் தாருங்கள். பானெட்டுக்கு ஈடாக ரூ.3,00,000 கேட்கிறேன். பேசித் தீர்க்க முடிந்தால் எனக்கும் சந்தோஷம்தான், கோர்ட்டுக்கு அலையும் வயது இல்லை.

ஆனால் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் அலையத்தான் போகிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன். அப்புறம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் அனுமதிக்கிறது, உங்களுக்குக் கட்டிய தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. சென்னையிலிருந்து நீங்கள்தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வர வேண்டியிருக்கும். வேலூர் வெயிலையும் பார்த்த மாதிரி இருக்கும்.

நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.

இணைப்பு: உங்கள் அறிக்கை நகல், டோயிங் பில், சேஸி பிளேட் போட்டோ, பானெட் போட்டோக்கள் (யார்டுக்கு வரும் முன்பும் பின்பும்), கேட் ரிஜிஸ்டர் பக்கத்தின் போட்டோ.

பி.கு.: பதில் சொல்ல என்னைக் கூப்பிடுவதாக இருந்தால் அந்த சீனியர் எக்ஸிக்யூட்டிவைக் கூப்பிடச் சொல்லாதீர்கள். அவர் மன்னிப்புக் கேட்பதாக இருந்தால் மட்டும் காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடலாம்.